இந்திய நேரம் யார் கையில்?

புது தில்லி: விமானங்களுக்கு வழிகாட்டும் செயற்கைக்கோள் சமிக்ஞைகளில் போலிச் சமிக்ஞைகள் ஊடுருவுவது குறித்து 2025-ம் ஆண்டில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் மத்திய அரசு பதில் சொல்ல வேண்டி வந்தது. 2023 நவம்பர் முதல் 2025 பிப்ரவரி வரை எல்லைப் பகுதிகளில், பெரும்பாலும் அமிருதசரஸ், ஜம்மு வட்டாரங்களில், இத்தகைய 465 குறுக்கீடுகள் பதிவானதாக மக்களவையில் மார்ச் மாதம் தெரிவிக்கப்பட்டது. டிசம்பரில் மாநிலங்களவையில் விமானப் போக்குவரத்துத் துறை அமைச்சர் ராம்மோகன் நாயுடு அளித்த பதிலில், தலைநகரின் இந்திரா காந்தி விமான நிலையத்தை நெருங்கிய சில விமானங்களுக்கும் போலிச் சமிக்ஞைகள் கிடைத்ததை ஒப்புக்கொண்டார். சென்னை உள்ளிட்ட வேறு சில விமான நிலையங்களிலிருந்தும் குறுக்கீடு பற்றிய தகவல்கள் வந்திருப்பதாகவும் கூறினார்.

இவ்விரு பதில்களும் விமானப் பாதுகாப்பைப் பற்றியவை. ஆனால், விமானி எந்தச் சமிக்ஞையைக் கொண்டு தான் இருக்குமிடத்தை அறிகிறாரோ, அதே சமிக்ஞையைக் கொண்டுதான் செல்பேசிக் கோபுரங்களும் மின் துணை நிலையங்களும் பங்குச் சந்தைகளும் வங்கிகளின் கணினி மையங்களும் மணி பார்க்கின்றன. ஜி.பி.எஸ். என்றதும் சாலை வரைபடமே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அது விண்ணில் சுற்றும் கடிகாரங்களின் தொகுப்பு. இடம் என்பது அந்தக் கடிகாரங்களிலிருந்து கணக்கிட்டுப் பெறப்படும் விடை மட்டுமே.

இந்தப் பின்னணியில்தான் "ஒரே நாடு, ஒரே நேரம்" என்ற முழக்கத்துடன் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை எடுத்துவரும் முயற்சியைப் பார்க்க வேண்டும். 2009-ம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ், இந்தியத் திட்ட நேரம் தொடர்பான வரைவு விதிகளை அத்துறை 2025 ஜனவரியில் வெளியிட்டு, பிப்ரவரி 14-ம் தேதி வரை பொதுமக்களின் கருத்தைக் கேட்டது. சட்டம், நிர்வாகம், வணிகம் தொடர்பான எல்லா ஆவணங்களிலும் இந்தியத் திட்ட நேரம் ஒன்றே ஆதாரமாக இருக்க வேண்டும்; வானியல், கப்பல் மற்றும் விமான வழிகாட்டல், அறிவியல் ஆராய்ச்சி போன்றவற்றுக்கு மட்டும் அரசின் அனுமதியுடன் விலக்கு உண்டு; அவ்வப்போது தணிக்கை நடக்கும்; மீறினால் அபராதம் என்பவை அந்த வரைவின் சாரம்.

எடைக்கல்லையும் லிட்டர் படியையும் முத்திரையிடும் சட்டத்துக்குள் கடிகாரம் எப்படி வந்தது என்ற கேள்வி எழலாம். நீளம், எடை ஆகியவற்றைப் போலவே காலத்துக்கும் அடிப்படை அலகு விநாடி என்று அதே சட்டம் கூறுகிறது. ஆகவே சட்டப்படி இதில் முரண் இல்லை. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. துல்லியமான நேரம் இன்று சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் பொருளாகிவிட்டது. அந்த நேரம் சட்டத்தின் பார்வையில் இந்திய நேரமா என்பதற்குத்தான் தெளிவான விடை இல்லை.

சில நிமிடப் பிழையின் விலை: நேரம் தவறினால் யாருக்கு நஷ்டம் என்பதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. இணையவழி மோசடியில் பறிபோகும் பணம் சில நிமிடங்களுக்குள் பல வங்கிக் கணக்குகளைக் கடந்துவிடுகிறது. 1930 என்ற உதவி எண்ணில் புகார் வந்தபின், எந்த வங்கியிலிருந்து எந்த வங்கிக்கு, எந்த நொடியில் பணம் போனது என்பதை ஒவ்வொரு வங்கியின் பதிவேட்டையும் அருகருகே வைத்துத்தான் போலீஸார் கண்டறிய முடியும். ஒரு வங்கியின் கணினிக் கடிகாரம் மூன்று நிமிடம் பிந்தியிருந்தால், பணம் வருவதற்கு முன்பே அது வெளியேறிவிட்டதாகப் பதிவேடு காட்டும்.

செல்பேசி இணையத்தில் இது இன்னும் விபரீதமானது. முகவரிப் பற்றாக்குறையால், ஒரே இணைய முகவரியை ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான சந்தாதாரர்கள் பகிர்ந்துகொள்கிறார்கள். குற்றம் நடந்த நொடியில் அந்த முகவரியின் குறிப்பிட்ட பிரிவு யாரிடம் இருந்தது என்பதைக் காட்டுவது நேரக் குறிப்பு ஒன்றே. புகார் கொடுத்த நிறுவனத்தின் கடிகாரம் பிசகியிருந்தால், அடுத்த நொடியில் அதே பிரிவைப் பெற்ற வேறொருவரின் வீட்டுக் கதவைப் போலீஸார் தட்டுவார்கள். 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சிய சட்டம், மின்னணு ஆவணங்களுடன் இணைக்க வேண்டிய சான்றிதழ் படிவத்தில் இந்திய நேரத்தைக் குறிக்கச் சொல்கிறது. சான்றிதழில் எழுதும் நேரத்தைச் சரிபார்ப்பது எளிது. ஆவணத்துக்குள் கணினி தானாகப் பதித்த நேரத்தை யார் சரிபார்ப்பது?

2012 ஜூலை 30, 31 தேதிகளில் வட இந்தியாவை இருளில் ஆழ்த்திய மின்தொகுப்புச் சரிவு நினைவிருக்கலாம். முதல் நாள் அதிகாலை 2.33 மணிக்கு பீனா - குவாலியர் மின்தடம் துண்டிக்கப்பட்டதில் அது தொடங்கியது. அதன் பிறகு அடுத்தடுத்து எந்தத் தடம் எதற்கு முன்னால் விழுந்தது என்பதை மில்லி விநாடிக் கணக்கில் வரிசைப்படுத்தினால்தான் காரணத்துக்கும் விளைவுக்கும் வேறுபாடு தெரியும். பல மாநிலங்களில் உள்ள துணை நிலையங்களின் கடிகாரங்கள் ஒத்துப்போகாவிட்டால் அந்த விசாரணையே குருடன் யானையைத் தடவிய கதையாகிவிடும்.

கைக்கு அடக்கமான நேர சர்வர்: சாதாரணக் கணினிக்குள் இருக்கும் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்கு பிசகினாலே நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.86 விநாடி தவறும். ஒரு மாதத்தில் அது 26 விநாடியாகும். இதைத் திருத்துவதற்காக அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகப் பேராசிரியர் டேவிட் மில்ஸ் 1980-களில் உருவாக்கிய நெறிமுறைதான் என்.டி.பி. எனப்படுவது. கணினி தன்னைவிடச் சரியான நேரம் உள்ள சர்வரிடம் மணி கேட்கிறது. கேள்வி போகவும் பதில் வரவும் எடுத்துக்கொண்ட நேரத்தைச் சரிபாதியாகப் பங்கிட்டுத் தன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறது. போகும் வழியும் வரும் வழியும் ஒரே அளவு என்ற நம்பிக்கையில் இது நடக்கிறது. போக 10 மில்லி விநாடியும் வர 30 மில்லி விநாடியும் ஆனால், கணக்கில் 10 மில்லி விநாடி பிழை புகுந்துவிடும். தில்லியில் உள்ள சர்வரிடம் இணையம் வழியாக மணி கேட்கும் தொலைதூர மாவட்டத்துக்கு இது அன்றாட அனுபவம்.

இதற்கு மாற்றாக, ஆர்வலர்களும் சிறிய நிறுவனங்களும் சொந்தமாக நேர சர்வர் செய்துகொள்கிறார்கள். வங்கி அட்டை அளவுள்ள ராஸ்பெரி பை போன்ற ஒற்றைப் பலகைக் கணினி ஒன்று. செயற்கைக்கோள் சமிக்ஞையை ஏற்கும் சிறிய பலகை ஒன்று. மாடியில் வானம் தெரியும்படி வைக்கப்படும் ஓர் ஆன்டெனா. கட்டணமின்றிக் கிடைக்கும் லினக்ஸ் மென்பொருள். இவ்வளவும் சில ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும். இதே வேலைக்காகப் பெரிய நிறுவனங்கள் வாங்கும் பெட்டிகளின் விலை லட்சங்களில் இருக்கிறது.

இதன் சூட்சுமம் ஒரு மெல்லிய கம்பியில் இருக்கிறது. ஏற்பிப் பலகை, "இப்போது மணி இத்தனை" என்று எழுத்து வடிவில் ஒரு செய்தியை அனுப்புகிறது. அந்தச் செய்தி கணினிக்கு வந்து சேரும் தாமதம் நொடிக்கு நொடி மாறும். அதை மட்டும் நம்பினால் நொடியில் பத்தில் ஒரு பங்கு வரைகூடத் தடுமாறலாம். யு.எஸ்.பி. வழியாக இணைத்துவிட்டு, ஜி.பி.எஸ். இருந்தும் நேரம் சரியில்லையே என்று குழம்புவோர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள். தேவையானது, ஒவ்வொரு நொடியின் தொடக்கத்திலும் ஏற்பி தனிக் கம்பியில் அனுப்பும் ஒரு மின்துடிப்பு. எந்த நொடி என்பதை எழுத்துச் செய்தி சொல்கிறது. அந்த நொடி எப்போது பிறந்தது என்பதைத் துடிப்பு சொல்கிறது. அந்தக் கம்பியைக் கணினிப் பலகையின் உள்ளீட்டு முனையில் நேரடியாக இணைத்தால் பிழை சில மைக்ரோ விநாடிகளுக்குள் அடங்கிவிடும். அதாவது நொடியின் லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவு.

ஓரிடத்தில் நிலையாக வைக்கப்பட்ட ஏற்பிக்கு இன்னொரு வசதியும் உண்டு. அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், நேரம் ஆகிய நான்கும் தெரியாத நிலையில் நான்கு செயற்கைக்கோள்கள் தேவைப்படும். சில மணி நேரம் வானைக் கவனித்துத் தன் இடத்தை உறுதிசெய்துகொண்ட பின்னர், நேரம் ஒன்று மட்டுமே தெரியாத அளவு. அதற்கு ஒரே ஒரு செயற்கைக்கோள் போதும். இந்தச் சிறு உண்மைக்கு நமது நாவிக் திட்டத்தைப் பொருத்தவரை பெரிய முக்கியத்துவம் உண்டு.

சட்டம் கேட்பது வேறு: துல்லியம் கிடைத்துவிட்டது என்பதால் சட்டத்தின் தேவை நிறைவேறிவிடவில்லை. கணினி அவசரநிலை நடவடிக்கைக் குழுவான "செர்ட்-இன்" 2022 ஏப்ரல் 28-ல் பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் நேரத்தைத் தேசியத் தகவல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வர்களுடனோ, அவற்றுடன் தொடர்புபடுத்திச் சரிபார்க்கத்தக்க சர்வர்களுடனோ ஒத்திசைக்க வேண்டும் என்றது. பல நாடுகளில் கணினி மையங்கள் உள்ள நிறுவனங்கள் வேறு துல்லியமான ஆதாரத்தைப் பயன்படுத்தலாம்; ஆனால் அது இவ்விரு அமைப்புகளின் நேரத்திலிருந்து விலகக் கூடாது. சிறு, குறு நிறுவனங்களுக்கு அந்த ஆண்டு செப்டம்பர் 25 வரை அவகாசம் தரப்பட்டது. சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும், பதிவேடுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்ற மற்ற நிபந்தனைகளைப் பற்றி எழுந்த கூச்சலில், கடிகாரம் பற்றிய இந்த வாசகம் அதிகம் கவனிக்கப்படவில்லை.

தொடர்புபடுத்திச் சரிபார்க்கத்தக்க என்ற சொற்களில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது. தில்லி பூசா பகுதியில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம், சீசியம் அணுக் கடிகாரங்களையும் ஹைட்ரஜன் மேசர்களையும் கொண்டு இந்தியத் திட்ட நேரத்தைப் பராமரிக்கிறது. பாரீஸ் அருகே உள்ள சர்வதேச எடையளவு அமைப்பின் உலக நேரத்துடன் அது நானோ விநாடிக் கணக்கில் ஒத்துப்போகிறது. மறுபுறம், ஜி.பி.எஸ். நேரம் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் கடிகாரத்தைத் தழுவியது. அதை இயக்குவது அமெரிக்க விண்வெளிப் படை. இரண்டுக்கும் நடைமுறையில் உள்ள வேறுபாடு சாமானியக் கணினி உணர முடியாத அளவு சிறியது. இருந்தும், மாடியில் ஆன்டெனா வைத்திருக்கும் ஒரு கூட்டுறவு வங்கி, தன் நேரம் இந்திய நேரம்தான் என்று தணிக்கையாளரிடம் எப்படி நிரூபிக்கும்?

எண்ணிப் பார்த்தால் இது புதிய பிரச்னை அல்ல. 1792-ல் அமைந்த மதராஸ் வான் ஆய்வகம் கணித்த நேரத்தைத்தான் பிரிட்டிஷ் இந்தியாவின் ரயில்வே நீண்ட காலம் நாடு முழுவதும் பின்பற்றியது. 1906 ஜனவரி முதல் நாள் இந்தியத் திட்ட நேரம் வந்த பிறகும் கல்கத்தா 1948 வரையிலும் பம்பாய் 1955 வரையிலும் தங்கள் சொந்த நேரத்தை விட்டுக்கொடுக்கவில்லை. தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநராக இருந்தவரும் ஒரு தமிழர், கே.எஸ். கிருஷ்ணன்.

இரவல் கடிகாரத்தின் ஆபத்து: வெளிநாட்டுச் சமிக்ஞையை நம்பக் கூடாது என்ற அரசின் கவலையில் நியாயம் இருக்கிறது. பொதுமக்களுக்கான ஜி.பி.எஸ். சமிக்ஞையில் வேண்டுமென்றே பிழை கலக்கும் வழக்கத்தை அமெரிக்கா கைவிட்டதே 2000 மே மாதத்தில்தான். தவறுதலாகவும் பிழை நேர்ந்திருக்கிறது. 2016 ஜனவரி 26 அன்று ஒரு பழைய ஜி.பி.எஸ். செயற்கைக்கோளை ஓய்வுபெறச் செய்தபோது, சர்வதேச நேரத்துக்கான திருத்தத்தில் ஏறத்தாழ 13 மைக்ரோ விநாடி பிழை புகுந்து, பல நாடுகளில் தொலைத்தொடர்புச் சாதனங்கள் எச்சரிக்கை மணி அடித்தன. 2021 அக்டோபரில், மலிவான நேர சர்வர்கள் பலவற்றில் பயன்படும் "ஜி.பி.எஸ்.டி." என்ற மென்பொருளின் சில பதிப்புகளில் இருந்த கணக்குப் பிழையால், தேதி 1,024 வாரம் பின்னோக்கி 2002-ம் ஆண்டுக்குப் போகும் அபாயம் ஏற்பட்டது. வாங்கி மாட்டிவிட்டு மறந்துபோகும் பெட்டியல்ல இது என்பதற்கு அதுவே சான்று.

எல்லாவற்றையும்விட, அந்தச் சமிக்ஞை மிகவும் பலவீனமானது. 20,200 கி.மீ. உயரத்திலிருந்து வரும் அது, தரையை அடையும்போது இயற்கையான மின்னணு இரைச்சலுக்கும் கீழே இருக்கிறது. அதைவிடச் சற்றுப் பலமான போலிச் சமிக்ஞையை அருகிலிருந்து ஒலிபரப்பினால் ஏற்பி ஏமாந்துபோகும். அமிருதசரஸில் விமானிக்கு நேர்ந்தது அங்குள்ள செல்பேசிக் கோபுரத்துக்கோ துணை மின் நிலையத்துக்கோ நேராது என்று சொல்வதற்கில்லை. விமானியிடம் வேறு கருவிகள் உண்டு. தரைக் கட்டுப்பாட்டு அறையும் உண்டு. யாருமில்லாத அறையில் மின்னிக்கொண்டிருக்கும் பெட்டிக்கு அது கிடையாது.

நாவிக் எங்கே? இதற்கெல்லாம் விடையாக வந்திருக்க வேண்டியது இஸ்ரோவின் நாவிக். அதன் கதை கடிகாரங்களாலேயே தடுமாறிய கதை. 2013-ல் ஏவப்பட்ட முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ரூபிடியம் அணுக் கடிகாரங்களும் பழுதாகின. அவை ஐரோப்பாவிலிருந்து வாங்கப்பட்டவை. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பப்பட்டது, வெப்பக் கவசம் பிரியாததால் வீணானது. 2023 மே 29-ல் ஏவப்பட்ட என்.வி.எஸ்.-01-ல்தான் உள்நாட்டில் தயாரான அணுக் கடிகாரம் முதன்முறையாகப் பறந்தது. 2025 ஜனவரி 29-ல், ஸ்ரீஹரிகோட்டாவின் 100-வது ஏவுதலாகக் கொண்டாடப்பட்ட என்.வி.எஸ்.-02, எரிபொருள் அமைப்பின் வால்வு திறக்காததால் உரிய சுற்றுப்பாதையை அடையவில்லை. அதுவரை ஏவப்பட்ட 11 செயற்கைக்கோள்களில் நான்கு மட்டுமே இடம், வழி, நேரம் காட்டும் பணியைச் செய்வதாகவும், மேலும் நான்கு செய்தி ஒலிபரப்புக்கு மட்டும் பயன்படுவதாகவும் 2025-ல் நாடாளுமன்றத்தில் அரசு தெரிவித்தது.

வழிகாட்டும் அமைப்பு என்ற அளவில் இது கவலைக்குரிய நிலை. நான்கில் ஒன்று தவறினாலும் இடம் காட்ட முடியாது. நேரம் காட்டுவதற்கு அப்படியல்ல. நிலையாக நிற்கும் ஏற்பிக்கு ஒரு செயற்கைக்கோள் போதும் என்பதால், நாவிக்கால் இன்றும் நம்பகமாகச் செய்யக்கூடிய பணி நாட்டுக்கு மணி சொல்வதுதான். ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் உதித்து மறைபவை. நாவிக் செயற்கைக்கோள்களோ இந்திய வானத்தை விட்டு அகலாதவை. அதன் நேரத்தை தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேரத்துடன் இணைக்க அந்த ஆய்வகமும் இஸ்ரோவும் 2018-ல் ஒப்பந்தமும் செய்துகொண்டன. அப்படியானால் நாவிக் ஏற்பி பொருத்திய எளிய பெட்டி, சட்டம் கேட்கும் தொடர்பை வானத்திலிருந்தே பெற்றுவிடுகிறது.

ஆனால் மலிவான ஏற்பிகளில் பெரும்பாலானவை எல்-1 எனப்படும் அலைவரிசையை மட்டும் கேட்பவை. நாவிக்கின் முதல் தலைமுறை எல்-5, எஸ் அலைவரிசைகளில் மட்டுமே பேசியது. எல்-1 வந்தது என்.வி.எஸ். வரிசையில்தான், அதில் இரண்டாவதன் கதி மேலே சொன்னது. கடைத்தெருவில் கிடைக்கும் பொருளையும் விண்வெளித் திட்டத்தையும் ஒரே பார்வையில் காணாததன் பலன் இது.

இதனிடையே, தில்லி ஆய்வகத்தின் நேரத்தை ஆமதாபாத், பெங்களூரு, புவனேசுவரம், ஃபரீதாபாத், குவாஹாட்டி ஆகிய ஐந்து மண்டல ஆய்வகங்களுக்கும் கொண்டு சேர்த்து, அங்கிருந்து பரப்பும் ஏற்பாட்டை நுகர்வோர் விவகாரத் துறை செய்துவருகிறது. இது நல்ல ஏற்பாடு. ஆனால் அங்கிருந்து மாவட்டத் தலைநகரங்கள் வரை நேரத்தைக் கொண்டுசெல்வது வழக்கமான இணையக் கம்பிதான். வழியில் புகும் தாமதமும் அதே தாமதம்தான்.

விதிகளில் விடுபட்டது: எல்லாருக்கும் ஒரே அளவு துல்லியம் தேவையில்லை. இந்தத் தலைமுறை செல்பேசிக் கோபுரங்களுக்கு ஒன்றரை மைக்ரோ விநாடிக்குள் நேரம் ஒத்துப்போக வேண்டும். மின்தொகுப்பின் கட்டத்தை அளக்கும் கருவிகள் சுமார் 31 மைக்ரோ விநாடிப் பிழையிலேயே தங்கள் அனுமதி வரம்பைத் தொட்டுவிடும். மாவட்ட மருத்துவமனைக்கும் கூட்டுறவு வங்கிக்கும் சார்-பதிவாளர் அலுவலகத்துக்கும் ஒரு விநாடிக்குள் சரியாக இருந்தாலே போதும். தணிக்கை, அபராதம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டு இந்தப் படிநிலைகளை வகுக்காமல் விட்டால், சிறிய நிறுவனங்கள் பயத்தில் லட்ச ரூபாய்ப் பெட்டிகளை வாங்கும். அல்லது வழக்கம்போலக் காகிதத்தில் மட்டும் விதியை நிறைவேற்றும். இரண்டாவது நடக்கவே வாய்ப்பு அதிகம்.

செய்யக்கூடியது சிக்கலானதல்ல. மாடியில் உள்ள மலிவான ஏற்பி துல்லியத்தைத் தரட்டும். தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் சர்வரும் தேசியத் தகவல் மையத்தின் "சமய்" சர்வர்களும் அதற்குச் சாட்சி சொல்லட்டும். இன்றுள்ள மென்பொருளே பல ஆதாரங்களை ஒப்பிட்டு, கூட்டத்திலிருந்து விலகி நிற்கும் பொய்க் கடிகாரத்தை ஒதுக்கிவிடும். போலிச் சமிக்ஞை நேரத்தை ஒரு நொடி நகர்த்தினால்கூட இணையவழிச் சாட்சி அதைக் காட்டிக்கொடுத்துவிடும். மைக்ரோ விநாடிக் கணக்கில் நடக்கும் நுட்பமான திருட்டை அது கண்டுபிடிக்காது. அத்தகைய துல்லியம் தேவைப்படும் கோபுரங்களும் மின்தொகுப்பும்தான் ரூபிடியம் கடிகாரத்துக்கும் தனிக் கண்ணாடி இழைத் தடத்துக்கும் செலவு செய்ய வேண்டியவை. இந்த ஒப்பீட்டுப் பதிவேட்டையே இந்திய நேரத்துக்கான சான்றாக ஏற்கலாம் என்று விதியில் ஒரு வரி இருந்தால், கூட்டுறவு வங்கியின் கேள்விக்கு விடை கிடைத்துவிடும்.

இதற்கெல்லாம் தனி மசோதா தேவையில்லை. சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ் மத்திய அரசு வகுக்கும் எந்த விதியும் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் 30 நாள் வைக்கப்பட வேண்டும்; அந்தக் காலத்துக்குள் அவைகள் அதைத் திருத்தலாம், ரத்தும் செய்யலாம். நாள்தோறும் மேசையில் வைக்கப்படும் கட்டுக்கட்டான ஆவணங்களில் ஒன்றாகவே அவை பெரும்பாலும் கடந்துபோகின்றன. சார்நிலைச் சட்டங்களை ஆராயும் குழுக்கள் இரு அவைகளிலும் உள்ளன. எத்தனை நொடி வரை பிழை பொறுக்கப்படும், அதை யார் அளப்பார்கள், அளக்கும் கருவியின் விலை என்ன என்ற மூன்று கேள்விகளை அக்குழுக்கள் துறைச் செயலரிடம் கேட்க விதிமுறைகளில் தடையேதும் இல்லை.